ஈராசிரியர் பள்ளியில் ஒரே ஆசிரியர்: இந்தியாவில் பள்ளிக்கூடம் யார் பொறுப்பு?

ஒரு கிராமத்திலிருந்து வந்த கேள்வி இது. அங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 38 பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒருவரை மாற்றுப் பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்றியக் கவுன்சிலரைக் கேட்டால் கல்வித் துறையைக் கேளுங்கள் என்கிறார். கல்வி அலுவலகத்தில் கேட்டால் மேலிட உத்தரவு என்கிறார்கள். டெல்லியிலிருந்து பணம் வரவில்லை என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். "கல்வி மத்திய அரசுடையதா, மாநில அரசுடையதா? நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?" என்று முடித்திருக்கிறார்கள்.

நான் ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, சில ஆண்டுகள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வள மையத்தில் பயிற்றுநராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வியை எத்தனையோ பெற்றோர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் போதாது, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். (ஒன்றிய அரசு என்று எழுதுவதும் இப்போது வழக்கம்தான். இங்கே ஊராட்சி ஒன்றியமும் அடிக்கடி வருவதால், குழப்பம் வேண்டாமென்று மத்திய அரசு என்றே எழுதுகிறேன்.)

முதலில் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். 1950-ல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது கல்வி மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலங்கள் சட்டம் போடும் துறைகளின் பட்டியலில், இருந்தது. காசி, அலிகார், டெல்லி பல்கலைக்கழகங்கள், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள், உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது போன்ற சில மட்டும் மத்திய அரசிடம் இருந்தன. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், 42-வது திருத்தம் வந்தது. அதில் ஐந்து விஷயங்கள் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போயின. காடு, எடை அளவுகள், வனவிலங்குப் பாதுகாப்பு, நீதி நிர்வாகம் ஆகியவற்றோடு கல்வியும் போனது. பொதுப் பட்டியல் என்றால் இரண்டு பேரும் சட்டம் போடலாம். ஆனால் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு மோதினால் மத்தியச் சட்டம்தான் நிற்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால் மட்டுமே மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் செல்லும்.

இந்த ஒப்புதல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு சான்றுகள் உண்டு. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை ஒழித்த 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடந்தது. நீட் விலக்கு மசோதாவுக்குக் கிடைக்கவில்லை. அது மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஏறத்தாழ ஒரே நோக்கம், ஒரே மாநிலம், முடிவு மட்டும் வேறு.

சரி, இது உயர்கல்வி. பள்ளிக்கூடத்தில் நிலைமை வேறு மாதிரி. பட்டியலைப் பார்த்துப் பள்ளியைப் புரிந்துகொள்ள முடியாது. சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், பாதி விளங்கிவிடும்.

2023-24 கணக்குப்படி நாட்டில் 14.72 லட்சம் பள்ளிகள், 24.8 கோடி மாணவர்கள், 98 லட்சம் ஆசிரியர்கள். இதில் மத்திய அரசு தானே நடத்தும் பள்ளிகள், அதாவது கேந்திரிய வித்யாலயா, நவோதயா மாதிரியானவை, ஆயிரத்தில் இரண்டுகூட இராது. மற்ற அரசுப் பள்ளிகள் எல்லாமே மாநிலங்களும் உள்ளாட்சிகளும் நடத்துபவை. நாடு முழுமைக்குமான பள்ளிக்கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவுக்கு 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஒதுக்கியது ரூ.41,250 கோடி. அதே ஆண்டு தமிழ்நாடு தன் பள்ளிக்கல்வித் துறைக்கு மட்டும் ஒதுக்கியது ரூ.46,767 கோடி. அத்தனை மாநிலங்களுக்குமாக மத்திய அரசு அந்தத் திட்டத்தில் வைத்ததைவிட ஒரே மாநிலத்தின் செலவு அதிகம். இந்தப் பணத்தில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்துக்குத்தான் போகிறது. ஆசிரியரை நியமிப்பது, மாற்றுவது, பதவி உயர்வு கொடுப்பது, ஓய்வூதியம் கொடுப்பது எல்லாம் மாநிலம். எனவே "டெல்லியிலிருந்து பணம் வரவில்லை, அதனால் ஆசிரியர் இல்லை" என்று ஒருவர் சொன்னால், வழக்கமான பணியிடத்தில் இருக்கும் ஆசிரியரைப் பொறுத்தவரை அது சரியான பதில் ஆகாது.

அப்படியானால் மத்திய அரசு எங்கே வருகிறது? விதி வகுக்கிற இடத்தில் வருகிறது. அப்புறம், நிபந்தனையோடு பணம் தருகிற இடத்தில்.

விதிகளில் பெரியது 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தே ஆண்டில் தர முயல வேண்டும் என்று அரசியலமைப்பு எழுதப்பட்டபோதே 45-வது பிரிவில் சொல்லியிருந்தார்கள். அது வழிகாட்டு நெறிதான், நீதிமன்றத்தில் கேட்க முடியாது. 2002-ல் 86-வது திருத்தம் அதை 21-ஏ என்ற அடிப்படை உரிமையாக்கியது. சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை எந்தப் பிள்ளையும் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர் என்பதும் அட்டவணையில் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 ஆனால் மூன்று, 91 ஆனால் நான்கு.

இதை நன்றாகக் கவனியுங்கள். 60 வரை இரண்டு என்றால், பத்துப் பிள்ளைகள் இருந்தாலும் இரண்டு பேர் வேண்டும். ஐந்து வகுப்புகளை ஒரே ஆள் வைத்துக்கொண்டு நடத்தக் கூடாது என்பதுதான் அதன் உள்ளர்த்தம். ஆனால் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. விதி எழுதியது ஒருவர், ஆள் எடுக்க வேண்டியவர் இன்னொருவர். இந்த இடைவெளிக்குள்தான் உங்கள் ஊர்ப் பள்ளி மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஓராசிரியர் பள்ளி எப்படி நடக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நான் பயிற்றுநராக இருந்தபோது அப்படி ஒரு பள்ளிக்கு அடிக்கடி போவேன். ஒரே பெரிய அறை. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் பாயில், மற்ற மூன்று வகுப்புகளும் சுவரோரம். ஆசிரியை ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு போட்டுக் காட்டிக்கொண்டிருப்பார். அலுவலகத்திலிருந்து போன் வரும், ஒரு புள்ளிவிவரம் உடனே வேண்டும் என்பார்கள். கணக்கு பாதியில் நிற்கும். அவருக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஓர் ஆள் வர வேண்டும். அங்கேயும் அன்றைக்கு ஓர் ஆள் குறையும். அந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அகரம் எழுதிக் காட்டுவாள். அவள் படிக்க வேண்டிய நேரம் அது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனது ஆறுவதில்லை.

இனி பணத்துக்கு வருவோம். 1994-ல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம், பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம், 2009-ல் இடைநிலைக்கல்வித் திட்டம், 2018-ல் எல்லாவற்றையும் சேர்த்து சமக்ர சிக்ஷா. செலவைப் பெரும்பாலான மாநிலங்களில் 60-க்கு 40 என்று பகிர்ந்துகொள்கிறார்கள், வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்களில் 90-க்கு 10. கூடுதல் வகுப்பறை, ஆசிரியர் பயிற்சி, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர், பள்ளி மானியம் எல்லாம் இதிலிருந்து வருகின்றன.

பள்ளி மானியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த அமைப்பின் தன்மை தெரியும். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.10,000. 31 முதல் 100 வரை ரூ.25,000. 250 வரை ரூ.50,000. உங்கள் பள்ளியில் 38 பேர் என்பதால் 25,000 வரிசையில் வரும். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. எட்டுக் குடும்பங்கள் பிள்ளைகளை மாற்றினால் அந்தத் தொகை 10,000 ஆகிவிடும். கட்டடமும் கழிவறையும் அதேதான், சுண்ணாம்பு விலையும் அதேதான். பணம் பள்ளிக் கணக்கில் தங்குவதும் இல்லை, செலவு வரம்பு மட்டும் திறந்துவிடப்படும், தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். ஒரு வருடம் எங்களுக்கு அந்த வரம்பு மார்ச் மூன்றாவது வாரம்தான் திறந்தது. 31-ஆம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிவிடும். மழைக்காலத்தில் ஒழுகிய ஓடுகளைக் கோடையில் மாற்றினோம்.

பிள்ளைகளின் எண்ணிக்கை டெல்லிக்கு எப்படித் தெரிகிறது? யூடைஸ் என்று சொல்கிறோமே, நாடு முழுவதுமுள்ள பள்ளிகளின் தகவல் தொகுப்பு, அதன் வழியாக. நாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்து மாவட்டம், வட்டாரம், கிராமம், கடைசி இரண்டு பள்ளி. முன்பு மொத்த எண்ணிக்கை மட்டும் போடுவோம். இப்போது ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். அதோடு எமிஸ் என்ற மாநிலத்தின் சொந்தத் தகவல் பதிவும் இருக்கிறது. ஓராசிரியர் பள்ளியில் இத்தனையையும் ஏற்றுபவர் யார்? கரும்பலகை முன்னால் நிற்க வேண்டிய அதே ஆள்தான்.

நிபந்தனை என்று சொன்னேனே, அது எப்படிக் கடிக்கும் என்பதை அண்மையில் நாமே பார்த்தோம். தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக்கும் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. அது 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையை முழுதாக ஏற்பதாகும் என்பது மாநிலத்தின் வாதம். மும்மொழிக் கொள்கையை 1968 முதலே ஏற்காத மாநிலம் இது. 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி ரூ.2,152 கோடி நிறுத்தப்பட்டது. மாநிலம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. இந்த இழுபறியில் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடச் சேர்க்கை ஜூனில் நடக்காமல் அக்டோபர் வரை தள்ளிப்போனது. கல்விக் கொள்கை பற்றி எனக்கும் கருத்து உண்டு, மொழி விஷயத்தில் நான் மாநிலத்தின் பக்கம்தான். அதைத் தள்ளி வைத்துவிட்டே சொல்கிறேன்: கொள்கை என்பது சட்டம் அல்ல, நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் அல்ல. அதை ஏற்காததற்காக, சட்டப்படி பிள்ளைக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்துவது தவறு.

ஆசிரியர் தகுதியிலும் இதே கதை. தொடக்க வகுப்பு ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியைச் சொல்வது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். 2010-ல் அது தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் எழுத வேண்டும் என்றது. ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருந்தால் 2 ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். சம்பளம் கொடுப்பது மாநிலம், அந்த வேலையில் நீடிக்கத் தகுதி உண்டா என்று சொல்லும் விதி டெல்லியிலிருந்து.

பாடத்திட்டம் மட்டும் பெருமளவு மாநிலத்திடம் இருக்கிறது. பாடப் புத்தகம் தயாரிக்கும் மத்திய நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. 1961-ல் தொடங்கியது, அதன் புத்தகத்தை மாநிலம் எடுக்கலாம், விடலாம். தமிழ்நாட்டில் மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காக இருந்ததைச் சமச்சீர் கல்விச் சட்டம் 2010-ல் ஒன்றாக்கியது. 2011-ல் மாநில அரசு அதை நிறுத்திவைக்கப் பார்த்தபோது உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 9-ல் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அந்தக் கோடையில் பள்ளி திறந்தும் இரண்டு மாதத்துக்கு மேல் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இதில் குழப்பம் இருக்கிறது: சி.பி.எஸ்.இ. என்றால் மத்திய அரசுப் பள்ளி என்று அர்த்தமில்லை. அது தேர்வு நடத்தும், இணைப்பு கொடுக்கும் வாரியம். உங்கள் ஊர்ச் சாலையில் பலகை வைத்திருக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளி பெரும்பாலும் தனியார் பள்ளிதான்.

மாநிலத்துக்கு மாநிலம் இந்த அமைப்பு ரொம்பவே மாறும். கேரளத்தில் அரசுப் பள்ளிகளைவிட அரசு உதவி பெறும் பள்ளிகள் அதிகம். உதவி பெறும் பள்ளி என்ற ஏற்பாடே 1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையிலிருந்து வருவது. மாகாணந்தோறும் கல்வித் துறை உருவானதும் அதனால்தான். பிகாரில் 2006-க்குப் பிறகு ஊராட்சிகள் வழியாகவே குறைந்த தொகுப்பூதியத்தில் ஆசிரியர்களை எடுத்தார்கள். 2023-ல்தான் மாநிலத் தேர்வாணையம் வழியாக ஏறத்தாழ 1.7 லட்சம் பணியிடங்களுக்குத் தேர்வு வைத்தார்கள். ஒரே சட்டத்தின் கீழ்தான் இத்தனையும் நடக்கிறது.

நன்றாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மதிய உணவு. காமராஜர் காலத்தில் 1956-ல் மாநிலத் திட்டமாக விரிந்தது, எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாகப் பெரிதாக்கினார். மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15-ல் நாடு தழுவிய திட்டம் தொடங்கியது, ஆனால் பல மாநிலங்களில் தானியத்தை மட்டும் பையில் போட்டுக் கொடுத்தார்கள். 2001 நவம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம், சமைத்த உணவுதான் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்றைக்குத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் தானியம், ஆறு முதல் எட்டுக்கு 150 கிராம். தானியம் மத்தியத் தொகுப்பிலிருந்து வருகிறது. பருப்பு, காய், எண்ணெய்ச் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். முட்டை தமிழ்நாடு தன் கைக்காசில் போடுவது. சமையலருக்கு மத்தியத் திட்டம் நிர்ணயித்த மாத மதிப்பூதியம் 2009 முதல் ரூ.1,000 தான்; மேலே கொடுப்பதெல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. ஒரு மாநிலம் செய்து காட்டியதை நீதிமன்றம் பிடித்துக்கொண்டு நாடு முழுக்கக் கொண்டுபோனது. நான் பார்த்தவரை இந்தியாவில் கல்வியில் நடந்த நல்ல காரியங்கள் பலவும் கீழேயிருந்து மேலே போனவைதான்.

இப்போது உங்கள் பள்ளி. அந்தச் சுற்றுச்சுவருக்குள் எத்தனை துறை இருக்கிறது தெரியுமா? ஆசிரியர் தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ், அவருக்கு மேல் வட்டாரக் கல்வி அலுவலர். கட்டடம் ஒன்றியத்துடையது, ஓடு உடைந்தால் பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், அலுவலகம். சத்துணவு சமூக நலத் துறை. பயிற்சியும் மானியமும் சமக்ர சிக்ஷா, அதற்கு வட்டார வள மையம். கவுன்சிலர் கைவிரித்ததில் பொய் இல்லை, ஆசிரியர் அவர் கையில் இல்லை.

ஆகவே உங்கள் விஷயத்தில் பதில் சொல்ல வேண்டியது மாநிலக் கல்வித் துறை. ஆகஸ்ட் 1 நிலவரப்படி பிள்ளைகளைக் கணக்கெடுத்துப் பணியாளர் நிர்ணயம் செய்வார்கள். 38 பேருக்கு இரண்டு பணியிடம் உண்டு, உபரி என்று சொல்லிப் பணி நிரவலில் (ஆசிரியர் கூடுதலான பள்ளியிலிருந்து குறைவான பள்ளிக்கு மாற்றுவதில்) எடுக்கவும் முடியாது. மாற்றுப் பணி என்றால் பணியிடம் உங்கள் பள்ளியில், ஆள் வேறிடத்தில். கல்வி உரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இதைத்தான் தடுக்கிறது. ஆசிரியர்-மாணவர் விகிதத்தைக் காப்பதற்காக, ஒரு பள்ளியில் நியமித்த ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை செய்ய வைக்கக் கூடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் பணிக்கு மட்டும் விலக்கு.

பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டச் சொல்லுங்கள். அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும், தீர்மானம் போட உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கை, பணியிடம் இரண்டு என்பது, மாற்றுப் பணி உத்தரவின் தேதி, 25-வது பிரிவு இந்த நான்கும் தீர்மானத்தில் இருக்கட்டும். அதோடு அதே சட்டத்தின் 32-வது பிரிவின் கீழ் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு பிரதியை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் இன்னொன்றை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் கொடுத்து, இரண்டிலும் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முடிவு சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பள்ளியில் மீதமிருக்கும் ஆசிரியரைக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். நாளைக்கு அந்த 38 பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கப்போவது அவர் ஒருவர்தான்.